சிவப்பு லேபிள் டப்பா

சொட்டுக் குழாயை அப்பாவின் உதட்டருகே கொண்டுபோய், அங்கேயே நிறுத்திக்கொண்டான் கேலன்.

"முதல்ல சொல்லுங்க. அப்புறம் தரேன்."

வெர்லினின் வாய் பறவைக் குஞ்சின் வாய் மாதிரித் திறந்து கிடந்தது. நுரையீரலில் தொடங்கிய புற்று இப்போது முதுகெலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. நாக்குக்கு அடியில் அந்த நீலநிற மார்ஃபினைக் கொஞ்சம் விட்டால் சற்று நேரத்தில் முகம் தளரும், மூச்சு சீராகும். விடாவிட்டால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறுக்குவார். இப்போது முறுக்கிக்கொண்டுதான் இருந்தார்.

"ஒரே ஒரு வார்த்தைப்பா. நான் எடுத்தது சரியான டப்பாதான்னு சொல்லிடுங்க. மன்னிப்பெல்லாம் வேண்டாம். அது உங்க வாயில வராதுன்னு எனக்குத் தெரியும்."

ஜன்னலுக்கு வெளியே மேய்ச்சல் நிலம் வெயிலில் காய்ந்து கிடந்தது. புல்நாய்கள் வளைக்கு வளை எழுந்து நின்று குலைத்துக்கொண்டிருந்தன. நாய் என்று பெயர்தானே ஒழிய, அது அணிலுக்குப் பெரியப்பா மகன். புல்லை வேரோடு தின்னும், நிலத்தைச் சல்லடையாக்கும், அந்த வளையில் கால் மாட்டிக்கொண்டு எலும்பு முறிகிற மாட்டைச் சுட்டுத்தான் கொல்லவேண்டும். ஆற்றுக்கு மேற்கே இருக்கிற எந்தப் பண்ணையிலும் புல்நாய்க்கு இரக்கம் கிடையாது. கோடை வந்தால் ஆண்கள் ரைஃபிளை எடுத்துக்கொண்டு போய் மேட்டில் படுத்துவிடுவார்கள்.

வெர்லின் அதில் பெரிய ஆள். கடைத் தோட்டாவைக் கையால் தொடமாட்டார். சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கிவந்து, கழுவி, அடியில் தீப்பொறி தரும் கேப்பை மாற்றி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, சுண்டு விரல் நகத்தளவு குண்டைச் செருகித் தன் தோட்டாவைத் தானே கட்டுவார். கொட்டகையில் அந்த மேசைக்கு மேலே ஒரு பலகை தொங்கும். 'மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான்.' சிவப்பு லேபிள் ரைஃபிளுக்கான வெடிமருந்து, நின்று எரியும். நீல லேபிள் கைத்துப்பாக்கிக்கு, பொசுக்கென்று பற்றிக்கொள்ளும். நீலத்தை எடுத்து ரைஃபிள் தோட்டாவில் போட்டால் துப்பாக்கியே வெடித்து முகத்தில் அடிக்கும்.

அப்படித்தான் அடித்தது, கேலனுக்குப் பதின்மூன்று வயதில். அவனே முதன்முதலாகத் தனியாகக் கட்டிய தோட்டா. வலது கண் போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தவனிடம் அப்பா வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், "டப்பாவை மாத்தி எடுத்துட்ட. உன் தப்பு. அழாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே அது ஊர் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து அவன் பெயர் டப்பா. பள்ளிக்கூடத்தில் டப்பா, தானியக் கிடங்கில் டப்பா, கல்யாணத்தன்று மாப்பிள்ளைத் தோழன் பேசிய பேச்சில்கூட டப்பா. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆனால் அவன் சிவப்பு லேபிளைத்தான் எடுத்தான். எடுத்தான் என்பது அவனுக்குத் தெரியும். இருமுறை படித்துப் பார்த்துத்தான் திறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அந்த டப்பா இல்லை. உள்ளே இருந்ததை அப்பா துணிக்கொடிக்குக் கீழே புல்லில் கொட்டிவிட்டார். வெடிமருந்து உரமாகி, அந்த இடத்தில் மட்டும் அந்த வருஷம் புல் கருகருவென்று வளர்ந்தது. எதற்கு அவசரமாகக் கொட்டினார்? வேறெதற்கு, மீந்ததை டப்பா மாற்றி ஊற்றிவைத்தது அவர்தான், அதை மறைக்கத்தான். கேலனுக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இருந்ததில்லை. நாற்பது வருஷமாக அந்தக் கல்லுளிமங்கன் வாயிலிருந்து அந்த ஒரு வரி வரும் என்று காத்திருந்தான். இப்போது விட்டால் இனி இல்லை.

"சொல்லுங்கப்பா."

வெர்லின் கண்ணைத் திறந்தார். பார்வை மகனைத் தாண்டி அறை வாசலுக்குப் போயிற்று. அங்கே ஆர்டிஸ் நின்றிருந்தாள், கேலனின் அம்மா. கரைந்து தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்தி உருண்டையாக்கிக்கொண்டிருந்த ஈரக் கையோடு அப்படியே வந்து நின்றிருந்தாள். எதையும் வீணாக்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

வெர்லின் மெல்லத் தலையை ஆட்டினார். இடமும் வலமுமாக.

"இல்லையா? சாகுற நேரத்துலகூட இல்லையா?" என்றான் கேலன். "சரி. அப்ப வலிக்கட்டும்."

குழாயில் ஏற்றியதைத் திரும்பப் பாட்டிலிலேயே விட்டு, மூடியைத் திருகி, ஜன்னல் விளிம்பில் வைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. ஆளின் முனகல் போல இல்லை, கன்று ஈனமுடியாத பசுவின் முனகல் போல இருந்தது. அவன் திரும்பவில்லை. அம்மா ஏதாவது சொல்வாள் என்று நினைத்தான். 'குடுத்துத் தொலைடா' என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுக்களைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

வெயில் கட்டில் காலைத் தொட்டபோது கேலனுக்கு மனம் இளகியது. சனியன், கேட்டுக்கொண்டே எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? பாட்டிலை எடுத்துத் திரும்பினான். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கை மட்டும் கம்பியை விடாமல் பிடித்திருந்தது.

நோயாளிகளை வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ஜோலீன் சாயங்காலம் வந்தாள். இறந்தவர் வீட்டில் மார்ஃபின் இருக்கக்கூடாது. அவள்தான் அழிக்கவேண்டும். மருந்தைக் கலந்து பாழாக்க, ஆர்டிஸிடம் காப்பி வடித்த சக்கையைக் கேட்டு வாங்கினாள். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நெறைய மிச்சம் இருக்கே. காலையில இருந்து குடுக்கலையா?"

கேலன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"அவருக்குக் கடைசியில வலியே இல்லம்மா" என்றாள் ஆர்டிஸ். "தூங்கிட்டே போயிட்டார்."

ஜோலீன் அந்த முறுக்கிய விரல்களைப் பார்த்தாள். கம்பியிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தவளே அவள்தான். பிறகு மார்ஃபினைச் சக்கையில் கொட்டிக் கிளறி, பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். அம்மா தனக்காகப் பொய் சொன்னாளே என்று கேலனுக்குக் கண் கலங்கியது. இருந்த ஒரு கண்.

அடக்கத்தன்று காலையில் அவன் கறுப்புக் கோட்டில் ஒரு பொத்தான் இல்லை என்பதை ஆர்டிஸ்தான் கண்டுபிடித்தாள். "இப்படியா ஊர் முன்னாடி போய் நிப்ப? ஏற்கெனவே பேச்சுக்குக் கொறைச்சலா?" அடுக்களை ஜன்னலோரத்தில் பூப்போட்ட துணி ஒட்டிய தன் பொத்தான் டப்பாவைத் திறந்து, துழாவி, ஏறக்குறைய அதே மாதிரி ஒன்றை எடுத்துத் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். அவள் தலை அவன் நெஞ்சருகே இருந்தது. சோப்பு வாசனை அடித்தது.

"வலியே இல்லன்னு சொன்னீங்களே, அதுக்கு..."

"சும்மா நில்லு. ஊசி குத்திடும்."

கல்லறையில் பாதிரியார் சுருக்கமாகத்தான் பேசினார். வெர்லினைப் பற்றி நல்லதாக நீளமாகப் பேச யாராலும் முடியாது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு போட்டார்கள். பன்றித்தொடை ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட், பழத்துண்டு மிதக்கிற ஜெல்லி, தண்ணியாய்க் காப்பி. பக்கத்துப் பண்ணை டெல்மர் வாயில் ரொட்டியோடு எழுந்து நின்றான்.

"வெர்லினைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவரு கட்டின தோட்டா ஒண்ணுகூடத் தப்பினது இல்ல. அந்த வீட்டுல தப்பிப் போனது ஒண்ணே ஒண்ணுதான், அதோ உக்காந்து ஜெல்லி தின்னுட்டு இருக்கு!"

சிரிப்பு. கிழவிகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"படிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் லேபிள் எதுக்குன்னு வெர்லின் சொல்வாரு. டேய் டப்பா, இது ஜெல்லிதானே, பாத்து எடுத்தியா?"

கேலனும் சிரித்தான். நாற்பது வருஷத்தில் பழகிய சிரிப்பு, உதட்டில் தானாக வந்து உட்காரும். ஆனால் உள்ளுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டான். இன்றைக்கே. எல்லோர் முன்னாலும்.

அதற்கு வேளையும் இடமும் தயாராகவே இருந்தது. அந்தப் பக்கத்தில் தோட்டா கட்டுகிறவன் ஒருவன் செத்தால், அவன் கடைசியாகக் கட்டிவைத்த தோட்டாப் பெட்டியை அப்படியே கிடக்க விடமாட்டார்கள். அடக்கம் முடிந்ததும் சேக்காளிகள் அவன் நிலத்துக்கே வந்து, ஆளுக்கு ஒன்றாகப் புல்நாய்களின் மேல் சுட்டுத் தீர்ப்பார்கள். முதல் தோட்டா மகனுக்கு. அந்தச் சுட்ட பித்தளைக் கூடு விதவைக்கு. கேலன் அந்த விபத்துக்குப் பிறகு துப்பாக்கியைத் தொட்டதில்லை. முதல் தோட்டாவைக் கையில் வாங்கிக்கொண்டு, சுடாமல், சொல்லிவிடுவது என்று இருந்தான்.

வண்டிகள் ஒவ்வொன்றாக முற்றத்தில் வந்து நின்றன. ஆண்கள் டையைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார்கள். டெல்மர் உள்ளேயிருந்து பெட்டியையும் ரைஃபிளையும் எடுத்துவந்தான். கேலன் தேவாலயத்திலிருந்து வந்த மிச்சச் சாப்பாட்டுக் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனான். சொல்வதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். அவள் புருஷனைப் பற்றியல்லவா!

"அம்மா, இன்னிக்கு எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்."

"என்னத்த?"

"டப்பாவுல மாத்தி ஊத்தி வெச்சது அவர்தான்னு. நான் எடுத்தது சரியான டப்பாதான்னு. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், தெரியும். ஆனா எனக்கு இனிமே தாங்காது."

அவள் அழுவாள், தடுப்பாள், 'செத்தவரை விட்டுடுடா' என்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் கரண்டியை எடுத்துச் சாலட் கிண்ணத்தை வழித்தாள்.

"சொல்லேன்" என்றாள். "அவருக்கு இனிமே வலிக்கவா போகுது."

இவ்வளவு சுளுவாகவா? ஐம்பத்தைந்து வருஷம் ஒரே படுக்கையில் படுத்த ஆளை? கேலன் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேசைமேல் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் கடுகு போட்ட மஞ்சள் சாலட், டெல்மர் வீட்டுக்காரி செய்தது. இன்னொன்றில் வெள்ளைச் சாலட். அவள் மஞ்சளை அப்படியே எடுத்து வெள்ளையின் மேல் கொட்டினாள்.

"ரெண்டையும் ஏன் கலக்குறீங்க?"

"ரெண்டும் உருளைக்கிழங்குதானே. ஒரு கிண்ணம் காலியாகும்ல."

காலிக் கிண்ணத்தின் அடியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். கடைசித் துண்டு விழுந்தது. அப்படித்தான் அவள் எதையும் தட்டுவாள். மாவு டப்பா, சர்க்கரை டப்பா, தக்காளிச் சாறு பாட்டில். வீட்டில் பாதி இருக்கிற எதுவும் பாதியாக இருந்ததில்லை. இன்னொரு பாதியின் மேல் போய்விடும். சிறு வயதிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் கேலன் அதைப் பார்த்ததே இல்லை.

இப்போது பார்த்தான். அப்பாவின் பார்வை தன்னைத் தாண்டி வாசலுக்குப் போனதையும் பார்த்தான்.

"அம்மா." குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "அப்பா அன்னிக்குத் தலையாட்டினது எனக்கா, உங்களுக்கா?"

கரண்டி நின்றது.

வெளியே யாரோ எதற்கோ பெரிதாகச் சிரித்தார்கள். ஆர்டிஸ் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்துவைத்து, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டும் கறுப்பு மணலாட்டம் ஒண்ணாத்தான் இருந்துச்சு" என்றாள். "எனக்கு என்னடா தெரியும்? ஒருநாள் கொட்டகையைக் கூட்டப் போனேன். சிவப்புல அடியில கொஞ்சூண்டு கிடந்துச்சு. நீலத்துல பாதிக்கு மேல இருந்துச்சு. அதை இதுல கொட்டிட்டேன். எனக்கு அந்த நீல டப்பா வேண்டியிருந்துச்சு. மூடி நல்லா இறுக்கமா இருந்துச்சு."

கேலன் ஜன்னலோரம் திரும்பினான். பூப்போட்ட துணி ஒட்டிய டப்பா. அதிலிருந்து எடுத்த பொத்தான் அவன் நெஞ்சில் இருந்தது.

"அவருக்கு எப்பத் தெரியும்?"

"அது வெடிச்ச அன்னிக்குச் சாயங்காலமே. நீல டப்பாவுக்குள்ள பொத்தான் கிடக்கறதைப் பாத்துட்டார். ஊருக்குத் தெரிஞ்சா ஆத்துல போய் விழுந்துடுவேன்னேன். விழுந்துதான் இருப்பேன். அதுக்கப்புறம் அவர் அதைப் பத்தி வாயைத் திறக்கல."

"என் பேரைச் சொல்லிட்டீங்க."

"நீ சின்னப் பையன். மறந்துடுவன்னு நெனச்சோம்."

மறந்துடுவேனாம்! கேலன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அப்பாவின் கை கம்பியைப் பிடித்திருந்தது போலவே பிடித்திருந்தான் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

"வாசல்ல நின்னு பாத்தீங்களேம்மா. அவர் துடிச்சாரே. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேனே."

"அவர் வேண்டாம்னு தலையாட்டினார்."

"அவர் ஆட்டுவார்! நீங்க?"

ஆர்டிஸ் அவனை நேராகப் பார்த்தாள். அழுகிற முகம் இல்லை அது. கணக்கு முடிந்த முகம்.

"மருந்துக் குழாய் உன் கையிலதானே இருந்துச்சு" என்றாள். "என் கையில இல்லையே. அந்த நர்ஸ் கேட்டப்போ நான் உன்னைக் காட்டிக் குடுத்தேனா?"

அவன் மேசையிலிருந்து கையை எடுத்தான்.

"டேய் டப்பா!" டெல்மரின் குரல் முற்றத்திலிருந்து வந்தது. "உள்ள போய் லேபிள் படிச்சுட்டு இருக்கியா? வாடா, எல்லாரும் காத்துட்டு இருக்கோம்!"

ஆர்டிஸ் கிண்ணத்துக்கு மூடி போட்டாள். "போ. கூப்பிடறாங்க."

மேட்டில் ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கீழே வளைகளின் மேல் புல்நாய்கள் பின்னங்காலில் நிமிர்ந்து ஊர்ப் பெரிய மனிதர்களைப் போல வேடிக்கை பார்த்தன. டெல்மர் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். சின்னது, மெலிசு, பளபளவென்று தேய்த்தது. சாகிற ஆள் கட்டியது என்று சொல்லமுடியாது.

"பயப்படாத. இது உங்கப்பா கட்டினது. நீ கட்டினது இல்ல."

சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவன் வழக்கம்போலச் சிரிப்பான் என்று காத்திருந்தார்கள். கேலன் சிரிக்கவில்லை. தோட்டாவைப் பார்த்துக்கொண்டே நின்றான். சொல்வதற்கு வைத்திருந்ததெல்லாம் நாக்கின் நுனியில் இருந்தது. யார் பெயரைச் சொல்வது என்பது மட்டும்தான் மாறியிருந்தது. அடுக்களை ஜன்னல் திறந்துதான் இருந்தது. இங்கே பேசினால் அங்கே கேட்கும்.

"நான்தான்" என்றான்.

"என்னது?"

"சிவப்புன்னு நெனச்சு நீலத்தை எடுத்துட்டேன். நான்தான் எடுத்தேன். அவர் சொன்னது சரி."

டெல்மர் அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தான். "அட, ஒத்துக்கிட்டான்யா! நாப்பது வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டான்! வெர்லின் இருந்து கேட்டிருக்கணும்!" மற்றவர்களும் கைதட்டினார்கள். ஒருவன் சீட்டியடித்தான்.

கேலன் புல்லில் படுத்தான். வலது கண் இல்லாததால் ரைஃபிளை இடது தோளில் வைக்கவேண்டியிருந்தது. நிமிர்ந்து நின்ற ஒன்றின் நெஞ்சை ரைஃபிளின் குறிபார்க்கும் கண்ணாடியில் பிடித்தான். பயமாக இருந்தது, பதின்மூன்று வயதில் இருந்திருக்கவேண்டிய பயம். விசையை இழுத்தான். துப்பாக்கி சுத்தமாக உதைத்தது. அங்கே வளையின் மேல் ஒன்றும் இல்லை. சற்றுப் பொறுத்துப் பக்கத்து வளையிலிருந்து இன்னொன்று வந்து, முகர்ந்து பார்த்து, அதே இடத்தில் எழுந்து நின்று குலைத்தது.

"அடிச்சுட்டான்யா டப்பா!"

பித்தளைக் கூட்டைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பின்னால் மற்றவர்கள் முறைவைத்துச் சுடத் தொடங்கியிருந்தார்கள். ஆர்டிஸ் காலியான கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கேலன் கூட்டை மேசைமேல் வைத்தான். அவள் அதை எடுத்து ஏப்ரனில் துடைத்தாள். ஜன்னலோரத்து டப்பாவைத் திறந்து பொத்தான்களோடு போட்டு, மூடியை உள்ளங்கையால் நன்றாக இறுக்கி அழுத்தினாள்.